இடிமகளுக்குப் போட்ட மாலை

சன்னல் சீட்டை எனக்குக் குடுத்திருங்க அண்ணாச்சி. குறையா நினைக்காதீங்க, ரோட்டைப் பாக்காம என்னால உக்கார முடியாது. மேல கம்பியில ஒரு குழாய் மாதிரி சுருட்டி வச்சிருக்கேன்ல, அது பேனரு. உங்க பை அதுமேல ஏறிராம பாத்துக்கிடுங்க. நீங்க சாத்தூருதானா? நான் கோவில்பட்டி. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். பேரு செண்பகராஜ்.

காலைப் பாக்கீங்களா? அது அப்படித்தான், அதுபாட்டுக்கு அழுத்தும். பக்கத்துல ஒருத்தன் ஓட்டுவான், நான் இந்தப் பக்கம் பிரேக் பிடிக்கணும், அதான தொழிலு. பஸ்ல ஏறினாலும் பிரேக்கைத் தேடுது சனியன். ஏ டிரைவரே, அந்த லாரியை முந்திப் போகாம என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீரு? மதுரையில பதினொரு மணிக்கு விழா. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னா எனக்கு இந்த ஜென்மமே வேஸ்ட்டு.

கார் இல்லையான்னு கேக்கீங்க. இருக்கு, எல் போர்டு காரு. காலையில எந்திரிச்சுப் பாக்கேன், காரைக் காணோம். வீட்ல எடுத்துட்டுப் போயிருச்சு. நேத்து சாயங்காலம் பக்கத்துல நின்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் பேனர் வாசகத்தை யோசிச்சுக்கிட்டு இருந்தேன், ம்னு சொல்லிட்டேன் போல. அது நல்லா ஓட்டும் அண்ணாச்சி. எங்க ஸ்கூல்ல லேடீஸ் பேட்ச் முழுக்க அதுதான் பாக்குது. என்கிட்ட வர்றதுகளை விட அதுகிட்ட வர்ற கூட்டம் ஜாஸ்தி. பேரா? பேரு எதுக்கு அண்ணாச்சி, வீட்லன்னா வீட்லதான். அது மட்டும் என்ன, இன்னைக்கு வரைக்கும் என் பேரை வாயெடுத்துச் சொன்னதில்ல. பேங்க்ல புருசன் பேரு என்னன்னு கேட்டாக்கூட என் லைசென்ஸை எடுத்து நீட்டும். அம்புட்டு மரியாதை.

சரி, விசயத்துக்கு வாரேன். இடிமகள்னு ஒரு படம், பாத்திருக்கீங்களா? பாக்கலையா! என்ன அண்ணாச்சி நீங்க, சாத்தூர் டாக்கீஸ்ல கூட்டம் தாங்காம கதவைப் பேத்துட்டாங்களே. நான் பள்ளிக்கூடம் படிக்கையில வந்த படம். டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்குற பிள்ளை. ஒருநாள் கம்பி வழியா இடி எறங்கி அதுக்குச் சக்தி வந்திரும். அப்புறம் வானம் உறுமுனா போதும், நீல உடுப்பு, முதுகுல துணி பறக்குது, ஒத்தைக் கையால பஸ்ஸைப் பிடிச்சு நிறுத்தும். ஹீரோவே கிடையாது. ரத்னசீலாதான் எல்லாம். ரத்னசீலா அம்மா.

அப்பேர்ப்பட்டவங்களை அதுக்கப்புறம் என்ன பண்ணுனானுவ? அம்மா வேசம். சோறு போட்டுக்கிட்டு அழு, சாமி கும்பிட்டுக்கிட்டு அழு, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அழு. அவங்க வயசுக்காரன் எல்லாம் இன்னமும் டூயட் ஆடுதான், அவனுக்கே இவங்க அம்மாவா நடிச்சாச்சு! எனக்கு வயிறு எரியும். பொம்பளைக்கு ரெண்டு முடி நரைச்சிட்டா, அடுப்படிக்குப் பின்னால கொண்டுபோயி நிறுத்திருதானுவ. அவளுக்குன்னு ஒரு சக்தி இருக்கும், அதை எவன் பாக்கான்? நான் எங்க பக்கத்துல எழுதுனேன் அண்ணாச்சி, இதையே எழுதுனேன். ஆயிரக்கணக்குல லைக்கு. பக்கம்னா ஃபேஸ்புக் பக்கம். இடிமகள் ரத்னசீலா தீவிரப் படை. நான்தான் தலைவர்.

போன வருசம் அறிவிப்பு வந்துச்சு, இடிமகளைத் திரும்ப எடுக்கப் போறோம்னு. பெரிய கம்பெனி. யாரு இடிமகள்னு சொல்லல. அவ்வளவுதான், ஆளாளுக்கு போஸ்டர் அடிக்க ஆரம்பிச்சுட்டானுவ. ஒருத்தன் இந்தப் பிள்ளைதான் பொருத்தம்ங்கான், இன்னொருத்தன் மும்பைப் பிள்ளை படத்தை ஒட்டி விடுதான். எல்லாம் நேத்துப் பெறந்ததுக. ஒரு பயலுக்கும் ரத்னசீலா அம்மா ஞாபகம் வரல. ஏன், அவங்களே நடிச்சா என்ன? அறுபது வயசு இடிமகள்! இடிக்கு ஏது அண்ணாச்சி வயசு? நான் முடிவு பண்ணிட்டேன். அவங்க படத்தை வச்சு நாமளே ஒரு போஸ்டர் அடிச்சு ஊரையே அதிர வச்சிரணும்னு.

அங்கதான் ஒரு சிக்கல். அம்மாவோட முகம் கிடைச்சிருச்சு, போன வருசத்துப் பேட்டியில இருந்து எடுத்தேன், நல்லா நிமிந்து பாக்காங்க. உடம்புக்கு எங்க போவேன்? எல்லாப் படத்துலயும் குனிஞ்சு பரிமாறிக்கிட்டுல்ல இருக்காங்க. யோசிச்சேன். வீட்ல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்துச்சு. வா இங்கனன்னு மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

ரெயின்கோட்டு நீலத்துல ஒண்ணு இருந்துச்சு, அதோட கையைத் தோள் வரைக்கும் மடிச்சு ஏத்தி விட்டேன். முதுகுத் துணிக்கு எதுவும் அமையல. வீட்ல பெட்டியைத் திறந்தேன், அதோட நிச்சயதார்த்தச் சேலை கிடந்துச்சு, மயில்கழுத்துக் கலரு. அதான் அம்மாவோட கலரு! கத்திரியை எடுத்தேன். அது கொஞ்ச நேரம் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ‘அம்மாவுக்காகடீ’ன்னேன். விட்டுருச்சு. ஸ்கூட்டி மேல ஒரு காலைத் தூக்கி வச்சு, இடுப்புல ஒரு கை, இன்னொரு கையை வானத்தைப் பாத்து நீட்டச் சொன்னேன். நீட்டுச்சு பாருங்க, எனக்கே புல்லரிச்சுப் போச்சு. லேடீஸ் பேட்ச்சுக்கு வண்டி பிடிச்சுப் பிடிச்சு அதுக்குத் தோள் நல்லா உரம் ஏறிக் கிடக்கும். ஒருதடவை ஒரு டீச்சரம்மா வண்டியோட சாய, இது ஓடிப்போயித் தாங்கி முழங்கையைத் தேச்சுக்கிடுச்சு. அந்தத் தழும்பு கூட போட்டோவுல விழுந்திருச்சு. அழிச்சிருக்கணும், விட்டுப்போச்சு.

அப்புறமென்ன, தலையை எடுத்துட்டு அம்மா தலையை வச்சேன். போன்லதான். கழுத்துக்கிட்ட கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு, மின்னலை ஒண்ணு போட்டு மறைச்சுட்டேன். வீட்ல காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துச்சு. ‘என் மூஞ்சி நல்லால்லையா?’ன்னு கேட்டுச்சு. இது என்ன கேள்வி, சொல்லுங்க! உன் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்னு சிரிச்சேன். அதுவும் சிரிச்சுச்சு.

இருங்க, போன் அடிக்கு. வீட்லதான். அரிசி இருக்கா, சிலிண்டர் வந்துச்சான்னு எதாவது இருக்கும். கட் பண்ணுதேன். இந்த டென்ஷன்ல யாரு பேசுவா?

எங்க விட்டேன்? ஆங், வாசகம். மேல என்ன எழுதலாம்னு யோசிச்சு, கொட்டை எழுத்துல ‘அம்மா வேணும்’னு போட்டேன். வீட்ல அதைப் பாத்துட்டு, ‘அவங்க பேரைப் போடுங்களேன். ரத்னசீலா வேணும்னு போடுங்க. அம்மான்னா எந்த அம்மான்னு தெரியும்?’ங்குது. எனக்கு வந்துச்சே கோவம். ‘பேரு சொல்லிக் கூப்பிடுற ஆளாடீ அவங்க? ஒரு மரியாதை வேண்டாமா?’ன்னு ஒரு சத்தம் போட்டேன். அடுப்படிக்குப் போயிருச்சு.

அந்தப் போஸ்டரு ஓடுன ஓட்டம் இருக்கே, சொல்லி மாளாது அண்ணாச்சி. மலேசியாவுல இருந்து பகிருதான், கனடாவுல இருந்து பகிருதான். ‘இந்த வயசுலயும் என்ன கம்பீரம்!’ங்கான் ஒருத்தன். ‘அந்தத் தோளைப் பாருங்க, அந்த நிலையைப் பாருங்க, இவங்களை விட்டா யாரு?’ங்கான் இன்னொருத்தன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அம்மாவுக்காக. வீட்ல உக்கார வச்சு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டுனேன். தோளைப் பத்தி எழுதுனதை மட்டும் இன்னொருதரம் வாசிங்கன்னுச்சு. அதுக்கும் அம்மான்னா உசுரு.

ரெண்டு வாரத்துல நாடு பூரா அம்மா வேணும், அம்மா வேணும். கம்பெனிக்காரன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? போட்டான் அறிவிப்பை. ‘ரசிகர்களின் ஆசைக்கிணங்க, அம்மா வருகிறார்!’ எங்க தெருவுல பத்தாயிரம் வாலா வெடிச்சோம். கட்அவுட் வச்சுப் பால் ஊத்துனேன். ஜெயிச்சுட்டோம்னு ஊர் பூரா லட்டு குடுத்தேன்.

ஏம்ப்பா, விருதுநகர்ல இவ்வளவு நேரமா நிறுத்துவீரு? டீ குடிக்கவா பஸ் எடுத்தீரு? சரி சரி, எடுக்கான். நான் சொன்னதும் எடுக்கான் பாருங்க.

டிரெய்லர் வந்துச்சு. டிவியில ஓட விட்டு நானும் வீட்லயும் உக்காந்து பாக்கோம். ஒரு சின்னப் பிள்ளை, மும்பைக்காரி, நீல உடுப்பு போட்டுக்கிட்டு வாரா. சரி, அம்மா பின்னால வருவாங்கன்னு பாக்கேன். அந்தப் பிள்ளை ஒரு செவுத்துக்கு முன்னால போயி நின்னு, கையைக் கூப்பி, ‘அம்மா, என்னை ஆசீர்வாதம் பண்ணுங்க’ங்குது. செவுத்துல என்ன? போட்டோ. சந்தன மாலை, குங்குமம், கீழ சிவப்புச் சின்ன பல்பு.

என் போஸ்டரு அண்ணாச்சி. நான் செஞ்ச போஸ்டரு. அதுக்கு மாலை போட்டுட்டானுவ.

அம்மா வேணும்னா, அம்மாவா வேணும்னு புரிஞ்சுக்கிட்டானுவ! கதாநாயகிக்கு அம்மா. அதுவும் செத்துப்போன அம்மா. கேட்டதைக் குடுத்துட்டோம்ங்கான். ரத்னசீலா அம்மாவைக் கூப்பிட்டு ஒருநாள் நடிக்க வைக்கக்கூட இல்ல, நெட்ல கெடந்த என் படத்தை எடுத்து ஆணியில மாட்டிட்டான். உசுரோட இருக்கிறவங்களுக்கு மாலை போட்டவன் உருப்படுவானா? தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

திரும்பிப் பாக்கேன், வீட்ல முழங்கையைத் தடவிக்கிட்டு நிக்குது. தாலியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிடுது. ‘உசுரோட இருக்கேன், எனக்கு மாலை போட்டுட்டாங்களே’ங்குது.

‘உனக்கா போட்டான்? அம்மாவுக்குல்ல போட்டான்!’னேன். ‘கழுத்து யாரு கழுத்து?’ங்குது. ‘உன் மூஞ்சியாடீ அதுல இருக்கு?’ன்னேன்.

‘அதான் இல்லியே’ன்னுச்சு. அன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிடல. அடுப்பே பத்த வைக்கல. அம்மாவுக்கு ஒண்ணுன்னா எங்க வீடே இப்படித்தான்.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. ஒரு டிவியில அம்மாவைப் பேட்டி எடுத்தான். உங்க போட்டோவுக்கு மாலை போட்டிருக்காங்களே, வருத்தமான்னு கேட்டான். அவங்க சிரிக்காங்க. ‘எனக்குப் போடாத மாலையா? பாதிப் படத்துல நான் செவுத்துலதான் இருக்கேன். ஆனா அந்தப் படத்துல முகம் மட்டும்தான் என்னோடது. தோளும் கையும் வேற யாரோ. முழங்கையில தழும்பு இருக்கு, பாருங்க. அந்தப் பொண்ணு யாரோ, உயிரோட இருக்கிறவளுக்கு மாலை போட்டா அவ மனசு என்ன பாடுபடும்? எங்க இருந்தாலும் என்கிட்ட வரச் சொல்லுங்க’ன்னு சொல்லுதாங்க. பெரிய மனசு அண்ணாச்சி அவங்களுக்கு. தன்னடக்கம். நான் உடனே பக்கத்துல பதில் போட்டேன். ‘அம்மா, அது உங்கள் தோள்தான்! எங்களுக்குத் தெரியும்!’

வீட்ல அன்னைக்குப் பூரா என் பின்னாலயே சுத்துச்சு. ‘நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா?’ன்னு. சும்மா கிடன்னுட்டேன். அது ஒட்டுவேலைன்னு தெரிஞ்சா படைத் தலைவர் மானம் கப்பலேறிராது? நாப்பதாயிரம் பேரு என்னை நம்பி இருக்கான். அந்த டிவிக்காரன் போன் நம்பரைக் கூட திரையில கீழ ஓட்டுனான், அதை எழுதி வைக்க வீட்ல பேனாவைத் தேடிக்கிட்டு இருந்துச்சு. எதுக்குன்னு நானும் கேக்கல.

இன்னைக்கு மதுரையில ரிங் ரோட்டு மண்டபத்துல பாட்டு வெளியீடு. அம்மா வாராங்க. நேரா முன்னால போறேன், பேனரை விரிக்கேன். ‘மாலையை எடு! அம்மா உயிரோடு இருக்கிறார்!’ கீழ பாருங்க, சின்னதா, ‘இவண் செண்பகராஜ், தலைவர்’. சின்னதும் இல்ல, கொஞ்சம் பெருசுதான். அதை அம்மா பாக்கணும். யாருப்பா இந்த செண்பகராஜ்னு மைக்குல ஒரு தடவை கேக்கணும். என் பேரு அவங்க வாயில ஒரே ஒரு தடவை வந்துட்டாப் போதும் அண்ணாச்சி. இத்தனை வருசம் ஒருத்தருக்காகக் கிடந்து அல்லாடி இருக்கேன், அவங்களுக்கு என் பேரு தெரியாம நான் செத்தா கட்டை வேகுமா? வேற எந்த ஆசையும் எனக்குக் கிடையாது.

இந்தா, மறுபடியும் வீட்ல. இது ஒண்ணு, நேரங்காலம் தெரியாம! கட்.

போச்சு. கேட்டைப் போட்டுட்டான். திருமங்கலம் கேட்டு. இனி எந்த ரயிலு வந்து, எப்ப திறந்து, நான் எப்பப் போய்ச் சேர? எறங்கி ஆட்டோ பிடிச்சிரவா? ஆட்டோவும் இந்தப் பக்கந்தான நிக்கும். ஐயோ, எல்லாம் அந்தக் கார் இல்லாததால. மணி என்ன ஆகுது? ஆரம்பிச்சிருப்பான். நேரலை போடுவான், இருங்க பாப்போம். இந்தாங்க, போனைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க, அங்கனதான் சிக்னல் கிடைக்கும். சுத்துது பாருங்க, சுத்திக்கிட்டே இருக்கு.

வந்திருச்சு! அம்மா! அம்மா மேடையில நிக்காங்க. என்னா நிமிர்வு! பக்கத்துல யாரோ. நீல ரெயின்கோட்டு, முதுகுல மயில்கழுத்துக் கலருல துணி. அடப்பாவிகளா, என் டிசைனை அப்படியே அடிச்சுட்டானுவளே! டூப் ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கான் கம்பெனிக்காரன். இந்தாப் பாருங்க, ஸ்கூட்டியைக் கூட... சே, நின்னு போச்சு. படம் நின்னாலும் சத்தம் வருது. காதுகிட்ட கொண்டு வாங்க.

‘இந்தத் தோளை வச்சுத்தான் என்னை எல்லாரும் கம்பீரம்னு சொன்னீங்க’ங்காங்க அம்மா. ‘இந்தத் தாயி டிவிக்கு போன் பண்ணி, தானே கார் ஓட்டிக்கிட்டு வந்திருக்கா. இவ நம்ம முன்னால உசுரோட நிக்கா. இனிமே அந்தப் படத்துல மாலை இருக்கக் கூடாது. டைரக்டர் தம்பி, எடுத்திருவீங்கள்ல?’ங்காங்க. கை தட்டுறதைக் கேளுங்க. மாலையை எடுத்துருதாங்களாம் அண்ணாச்சி! நான் போகாமலே! அப்ப என் பேனரு?

இருங்க, என்னமோ சொல்லுதாங்க. ‘இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எனக்கு மரியாதை. கோவில்பட்டி முத்துப்பேச்சி! வா முத்துப்பேச்சி.’

கோவில்பட்டியா? முத்துப்பேச்சியா?

அண்ணாச்சி, போனைக் கொஞ்சம் நேராப் பிடிங்க. ஆடுது. படம் வந்திருச்சு. அம்மா தன் கழுத்துல போட்ட ரோசா மாலையைக் கழட்டுதாங்க. அதுக்குப் போடுதாங்க. அது நிமிந்து பாக்குது. அந்த மூஞ்சி...

எங்க வீட்ல. அண்ணாச்சி, அது எங்க வீட்லதான்.

தண்ணி இருந்தா குடுங்க. இல்ல, வேண்டாம், மைக்கைக் குடுக்கான் அதுகிட்ட. பேசாதீங்க, பேசாதீங்க. ‘தனியாவா வந்தீங்க? உங்க வீட்டுக்காரரு பேரு என்ன?’ன்னு கேக்கான். அம்மா பக்கத்துலயே நிக்காங்க. காதைக் குடுத்துக் கேக்காங்க அண்ணாச்சி, அம்மாவே கேக்காங்க! சொல்லு. செண்பகராஜ்னு சொல்லு தாயி. படைத் தலைவர்னு வேண்டாம், பேரை மட்டும் சொல்லு. வாயைத் தெறந்து சொல்லு!

சிரிக்குது. தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்குது. ‘பேரு சொல்ற வழக்கம் இல்லீங்க. எங்க வீட்ல அவரு. போன் பண்ணுனேன், எடுக்கல.’

கூட்டமே சிரிக்குது. அம்மாவும் சிரிக்காங்க.

கேட்டைத் திறந்துட்டான் போல, வண்டி நகருது. இனி எதுக்கு நகருது? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, நியாயமாச் சொல்லுங்க. இம்புட்டு வருசம் கூட வாழ்ந்திருக்கு, ஒருத்தன் பேரை ஒரே ஒரு தடவை வாயால சொன்னா, அதுக்கு என்ன குறைஞ்சா போயிரும்?